பின்சுவர்த் தவிடு

மாலை ஆறரை மணி. பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற றோட்டு. கடைசி பஸ் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது... மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம். ஆள் நடமாட்டம் கிடையாது. அந்த றோட்டில் ஒருவன் மட்டும் தனியாகப் போகிறான். கையில் டோர்ச். குனிந்து குனிந்து தரையைப் பார்த்தபடி போகிறான்.

தரையில் தவிடு சிந்திக் கிடக்கிறது.

நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலை யாராவது சாத்துங்கள், விளக்கு அணைந்துவிடப் போகிறது. இது காற்றுவாக்கில் கேட்ட கதை இல்லை. என் கூட்டாளி மாரிசாமியின் சொந்த மச்சான் தம்பையாவுக்கு நடந்தது. வருடம் அறுபத்தேழு. அரசாங்கம் கூப்பன் அரிசியைப் பாதியாகக் குறைத்த பிறகு வந்த கார்த்திகை மாதம்.

தம்பையா தோட்டக் கூலிகள் குடியிருக்கிற லயத்தில் பிறந்து, முட்டி மோதிப் படித்து மேலே வந்தவன். கொழும்பில் ஒரு மருந்துக் கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் பதுளைக்குத் திரும்பினான். திரும்பியவன் லயத்துப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. கால்சட்டையில் சேறு பட்டுவிடுமாம்! டவுன் ஓரத்தில் மொஹிதீன் முதலாளியின் அரிசி மில்லில் சேர்ந்தான். முதலாளிக்குத் தேங்காய் எண்ணெய் வியாபாரமும் உண்டு. மலைநாட்டு ஈரத்தில் எண்ணெய் சீக்கிரம் காறிப் போகும். தவிட்டில் ஒரு சத்து இருக்கிறது, அதைப் பிரித்தெடுத்து எண்ணெயில் கலந்தால் காறாது என்று தம்பையா சொன்னான். முதலாளி அதை நம்பி மில்லுக்குப் பின்னால் ஓர் அறையை ஒதுக்கி, கண்ணாடிச் சாடிகளும் வாங்கிக் கொடுத்தார்.

அவன் வேலை இதுதான். ஒரே தவிட்டை ஐந்து பங்காகப் பிரிப்பான். ஒரு சாடியில் தண்ணீர், ஒன்றில் ஸ்பிரிட், ஒன்றில் அசிட்டோன், ஒன்றில் ஹெக்சேன், கடைசிச் சாடியில் மெதனோல். இரண்டு நாள் ஊறவிடுவான். பிறகு துணியில் கட்டிப் பிழிந்து, வடிந்த சாற்றை வற்ற வைத்து, அடியில் ஒட்டுகிற பிசினை எண்ணெய்ப் போத்தலில் கலப்பான். ஐந்து போத்தல்களையும் அடுப்புச் சூட்டில் வைத்துத் தினமும் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பான். தண்ணீரில் எடுத்தது ஒன்பதாம் நாளே நாறிவிட்டது. மற்றவை ஒன்றன் பின் ஒன்றாகக் காறின. மெதனோலில் எடுத்தது மட்டும் முப்பது நாள் கழிந்தும் அன்று ஆட்டிய எண்ணெய் மாதிரி மணந்தது. முதலாளி அவன் தோளில் தட்டினார். கொழும்புக்கு எழுதலாம், பெரிய அறையாகவே கட்டிக் கொடுக்கிறேன் என்றார். தம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மெதனோலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வாசம் சாராயத்தைப் போலத்தான்... கொஞ்சம் இனிப்பாகக்கூட வரும். உள்ளே போனால் அப்போதைக்கு ஒன்றும் செய்யாது. தூங்கி எழும்பிய பிறகு தலை சுற்றும். பிறகு கண் போகும். அதற்கும் பிறகு ஆள் போகும். தம்பையாவுக்கு இது நன்றாகத் தெரியும். மெதனோலில் ஊறிய தவிட்டைக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும் என்று தன் கையாலேயே நோட்டில் எழுதி வைத்திருந்தான். எழுதியதோடு சரி. கொட்டுகிற மழையில் யார் குழி வெட்டுவது? காயவைத்தால் அடுப்பில் போட்டு எரிக்கலாம் என்று மில்லின் பின்சுவர் ஓரமாகச் சாக்கை விரித்து அதில் கொட்டிவைத்தான்.

அந்தச் சுவருக்கு உட்பக்கம் நெல் அவிக்கிற அடுப்பு. சுவர் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே தகரம் நீட்டியிருப்பதால் மழையும் விழாது. முதலாளியின் வாப்பா காலத்திலிருந்தே அந்த இடத்தில் ஒரு வழக்கம் நடந்துவந்தது. வியாழக்கிழமை பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் ஒரு மூட்டைத் தவிட்டை அங்கே சாக்கில் விரித்து வைப்பார்கள். பிறகு பின்கதவைச் சாத்திவிடுவார்கள். இல்லாதவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகலாம். மலை மேலே இருக்கிற தோட்டங்களிலிருந்துதான் ஆள் வரும். அரிசி பாதியான அந்த வருடம் ஒரு பிடி தவிடும் மிஞ்சியதில்லை. தம்பையா வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி அவனிடம் சொல்லிவைத்தார்.

"தம்பையா, வியாழன் அந்திக்கிப் பின் பக்கம் ஆரும் போகப்படாது. எடுக்கிற மனிசர்ட மொகத்த நாங்க பாக்கப்படாது. ஆரு எடுத்தீங்கண்டு ஒருநாளும் கேக்கவும் படாது."

இவ்வளவும் தெரிந்தவன் எப்படி அந்தத் தவிட்டை வியாழக்கிழமை அங்கே வைத்தான் என்று கேட்பீர்கள். எல்லாம் போயா செய்த வேலை. பௌர்ணமி, அமாவாசை, நடுவில் வருகிற இரண்டு அரை நிலா நாட்கள், இவைதான் போயா. அந்தக் காலத்தில் ஞாயிறு லீவு கிடையாது. போயாவும் அதற்கு முதல் நாளும்தான் லீவு. ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் நடுவில் சில தடவை ஏழு நாள் வரும், சில தடவை எட்டு நாள் வரும். கந்தோர் உத்தியோகம், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடந்தன. தம்பையாவின் நோட்டும் அப்படித்தான். 'போயா கழிந்து மூன்றாம் நாள், பிழிதல், காயவைத்தல்.' போன தடவை அது புதன்கிழமை. இந்தத் தடவை எட்டு நாள் வந்ததால் ஒரு நாள் தள்ளி வியாழனில் விழுந்தது அவன் மண்டையில் ஏறவில்லை. முதலாளியோ வியாழன், வெள்ளி என்று பழைய கணக்கில் இருக்கிறவர்.

ஐந்தே முக்கால் மணிக்குச் சாடிகளைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தான். பின்கதவு ஓரத்தில் ஒரு மூட்டை கட்டியபடி இருந்தது. மில்லில் மூட்டை தூக்குகிற அழகர் அதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"இது என்ன மூட்டை?"

"வியாழக்கெழமத் தவிடுங்க. விரிக்கலாம்னு போனேன். நீங்கதான் முந்தியே விரிச்சு வச்சிருந்தீங்களே."

தம்பையா கதவைத் திறந்துகொண்டு ஓடினான். சாக்கு விரித்தபடி கிடந்தது. தவிடு இல்லை... ஒரு பொட்டு இல்லை, துடைத்து எடுத்திருந்தார்கள். அந்த இனிப்பு வாசம் மட்டும் சுவரோரம் நின்றது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. முதலாளி முன்பக்கக் கடையில்தான் இருந்தார். பத்து எட்டு வைத்தால் அவர் மேசை. வாசலில் லொறி நிற்கிறது. "முதலாளி, தப்பு நடந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், லொறி லயம் லயமாகப் போயிருக்கும். சொல்லவில்லை. வேலை போய்விடும், பெரிய அறை போய்விடும். அதுதான் பயம், வேறொன்றும் இல்லை. யாருக்கும் தெரியாமல் தானே போய்த் தடுத்துவிடலாம் என்று டோர்ச்சை எடுத்துக்கொண்டு றோட்டில் இறங்கினான்.

சிந்திய தவிடு வழி காட்டியது. சாக்கில் ஓட்டை இருக்கிற மாதிரி ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போட்டுப் போனது. இரண்டாவது மைல்கல்லைத் தாண்டிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தான். றோட்டு முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது... தவிடு நனையவில்லை. தொட்டுப் பார்த்தான். அடுப்பில் வறுத்த மாதிரி சுடச்சுட, காய்ந்து இருந்தது.

திரும்பியிருக்கலாம். மனம் கேட்கவில்லை. அதை மட்டும் அவன் புண்ணியக் கணக்கில் எழுதலாம்.

மூன்றாவது மைல்கல் அருகே ஒரு பெண் தெரிந்தாள். தலையில் மூட்டை. கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டுகிற படங்குச் சாக்கை முழங்கால் வரை கட்டியிருந்தாள். டோர்ச் வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏய் அம்மா! நில்லுங்க! அந்தத் தவிட்டத் திங்காதீங்க!"

அவள் திரும்பவில்லை. அவன் ஓடினான். தூரம் குறையவில்லை. நின்று மூச்சு வாங்கினான். அவளும் நின்றாள்... முதுகைக் காட்டியபடியே நின்றாள். அவன் நடந்தால் நடந்தாள். சேற்றில் அவன் சப்பாத்து சளக் சளக் என்றது. அவள் காலடியில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மலைப் பக்கமாக ஒரு குறுக்குப்பாதை ஏறியது. தோட்டத்தின் பெயர் வேண்டாம், இப்போதும் அங்கே சனங்கள் இருக்கிறார்கள். பாதை முடிகிற இடத்தில் ஒரு பழைய லயம். பாதிக் கூரை பறந்து போயிருந்தது. நாய் குரைக்கவில்லை, பிள்ளை அழவில்லை. கடைசிக் காம்பரா அறையில் மட்டும் அடுப்பு எரிந்தது. அவள் குனிந்து உள்ளே போனாள். தம்பையா வாசலில் போய் நின்றான்.

உள்ளே ஐந்து பேர். ஒரு கிழவன், ஓர் ஆண், இரண்டு பிள்ளைகள், அவள். வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஈயச் சட்டி. சட்டியில் தவிட்டைத் தேத்தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியது.

"தின்னுறாதீங்க! அதுல நஞ்சு இருக்கு!"

ஒருவரும் பதறவில்லை. பிள்ளைகள் முகத்தைத் தூக்கினார்கள், அவன் நின்ற பக்கம் பார்க்கவில்லை. கிழவன் கையை நீட்டித் தரையைத் தடவினான். சுவரைத் தடவினான். தடவிக்கொண்டே வந்து தம்பையாவின் காலைப் பிடித்தான்.

"தெரியும் தம்பி" என்றாள் அந்தப் பெண். "ஆவணியில ஒருக்கா தின்னமே."

தம்பையா நாளை எண்ணிப் பார்த்தான். ஆவணியில்தான் முதல் தடவையாக மெதனோலில் பிழிந்தான். சக்கையை ஈரத்தோடு அதே சுவரோரம் கொட்டினான். மறுநாள் காணவில்லை. மாடு தின்றிருக்கும் என்று விட்டுவிட்டான். அடுத்த கிழமை டவுனில் ஒரு பேச்சு அடிபட்டது. மேலே ஒரு தோட்டத்தில் பெரியாயி என்கிறவள் வீட்டில் ஐந்து பேரும் இரண்டே நாளில் செத்துப் போனார்களாம், வாந்திபேதியாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை என்று தம்பையா பிற்பாடு மாரிசாமியிடம் சொன்னான். நான் அதை நம்பவில்லை. சேர்த்துப் பார்க்க அவனுக்குப் பயம்.

"நீங்க... பெரியாயியா?"

 எழுந்து வந்து இரண்டு கையாலும் அவன் முகத்தைத் தடவினாள். நெற்றி, மூக்கு, கன்னம்... விரல் எல்லாம் சொரசொரவென்று தவிடு.

"படிச்ச மொகம்" என்றாள்.

"தெரிஞ்சா ஏன் எடுத்தீங்க?"

"நாங்க எடுக்காட்டி உசுரோட இருக்குறவங்க வந்து எடுத்திருப்பாங்கள்ல."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பயத்திலும் தம்பையாவுக்கு நிம்மதி வந்ததாம். யாரும் சாகப் போவதில்லை. வேலையும் போகாது. அவன் முகம் இளகியதை அவள் விரல் கண்டுபிடித்துவிட்டது. கையை எடுத்தாள். காலால் சட்டியை அவன் பக்கம் தள்ளினாள். தரையில் கிறீச்சென்று இழுபட்டு வந்து அவன் சப்பாத்தில் முட்டி நின்றது.

"எடுத்தாச்சு. இனி இத யாராச்சும் தின்னு தீக்கணும். நீ தின்னு."

"நானா..."

"முழுசும். இல்லாட்டி எடுத்த எடத்துலயே கொண்டு போய் வச்சிருவோம்."

பிள்ளைகள் இரண்டும் சிரித்தன. வாயைத் திறந்து சிரித்தன, சத்தம் வரவில்லை.

தம்பையா ஓர் உருண்டை எடுத்தான். அதையும் அவன் மறைக்கவில்லை. உதடு வரைக்கும் கொண்டுபோனான். பட்ட இடம் ஜில்லென்று ஆகி மரத்துப் போனது. அவ்வளவுதான். உருண்டையை வீசிவிட்டுச் சட்டியை எற்றிவிட்டு ஓடினான். தேயிலைச் செடி கிழித்தது, தண்ணீர்க் கானில் விழுந்தான், எழுந்து ஓடினான். ஒருவரும் துரத்தவில்லை. பின்னால் ஒரு சத்தம் மட்டும் நெடுந்தூரம் கேட்டது. விளக்குமாற்றால் தரையைக் கூட்டுகிற சத்தம்... சர்... சர்... சிந்தியதைக் கூட்டி அள்ளுகிற மாதிரி.

டவுனுக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. முதலாளி வீட்டில் விளக்கு எரிந்தது. திண்டாடிப் போய் வாசலில் நின்றான். கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். பிறகு யோசித்தான். என்ன சொல்வது? பேய் எடுத்துக்கொண்டு போனது என்றா? செத்தவர்கள் எடுத்தால் உயிரோடு இருக்கிறவர்களுக்கு என்ன? கையை இறக்கினான். தன் அறைக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு, போர்த்திக்கொண்டு படுத்தான். தூங்கவும் செய்தானாம்.

காலையில் ஏழு மணிக்கு மில்லுக்குப் போனான். நேராகப் பின்சுவருக்குத்தான் போனான். சாக்கு காலியாகக் கிடந்தது, நேற்றுப் பார்த்த மாதிரியே. பெருமூச்சு விட்டான். அப்போது அழகர் விறகுக் கட்டோடு வந்தான்.

"சார், நேத்து நீங்க விரிச்ச தவிட்ட யாருமே எடுக்கல போலருக்கு. அஞ்சு மணிக்கி அடுப்பு மூட்ட வந்தேன், அப்புடியே குமிச்சுக் கெடந்துச்சு. இப்ப காலி. விடிய வந்து அள்ளிட்டாங்க, பாவம்."

"யாரு? யாரு அள்ளுனது?"

"பாக்கக் கூடாதேங்க" என்றான் அழகர்.

அப்போதுதான் தம்பையாவின் வாய் திறந்தது. ஓடிப் போய் முதலாளியின் காலில் விழுந்தான். ஆவணியில் கொட்டியதையும் சொன்னான், நேற்று வைத்ததையும் சொன்னான். முதலாளி கையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நேத்து அந்தியிலயே தெரியுமா ஒனக்கு?"

லொறி கிளம்பியது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு லயம் லயமாகப் போனார்கள். காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டினார்கள். மில்லில் தவிடு எடுத்தது யார், உண்மையைச் சொல்லுங்கள், அதில் நஞ்சு கலந்துவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தம்பையா தொண்டை கிழியக் கத்தினான். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படி ஒத்துக்கொள்வார்கள்? இத்தனை வருடத்தில் ஒருநாளும் 'யார் எடுத்தது' என்று கேட்காத மில், முதல் தடவையாகக் கணக்கப்பிள்ளையோடு வந்து வாசலில் நின்று கேட்கிறது. திருட்டுப் பட்டம் கட்டப் போகிறார்கள் என்று எல்லோரும் பயந்துபோனார்கள். பயத்தை விட வெட்கம் பெரிது. பக்கத்து வீட்டுக்காரி கேட்கிற மாதிரி எவள் சொல்வாள், நான் தவிடு தின்றேன் என்று?

மேல் லயத்தில் இராக்கம்மா என்கிற பெண் கதவைப் பாதி திறந்து நின்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தவிடா? நாங்க சோறு திங்கிற சாதிங்க. வேற எடம் பாருங்க."

கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் இருப்பார்கள், அது தம்பையாவுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. பேய் பிடித்த மாதிரி உளறுகிறான் என்று கணக்கப்பிள்ளை அவனைப் பிடித்து லொறியில் ஏற்றினார். கடைசிக் காம்பராவில் ஆட்கள் இருந்தார்கள் என்று தம்பையா சொன்ன அந்தப் பழைய லயத்தையும் போய்ப் பார்த்தார்கள். ஆவணியிலிருந்து அங்கே குடியில்லை. அடுப்பில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. தரை மட்டும் சுத்தமாகக் கூட்டியிருந்தது.

வெள்ளி இரவு முழுக்க அவன் தூங்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் தனியாகவே நடந்து போனான். பத்து நாளைக்குப் பிறகு மழை விட்டிருந்தது. நல்ல வெயில். நமுனுகுல மலை உச்சி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. கீழ் லயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினபோது உச்சி வெயில், பன்னிரண்டு மணி. ஆட்கள் பகல் சாப்பாட்டுக்குத் திரும்புகிற நேரம். ஆனால் அந்த லயத்தில் மட்டும் ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு கூரையிலும் புகை இல்லை.

இராக்கம்மாவின் கதவைத் தட்டினான்.  தள்ளினான், திறந்துகொண்டது. வெயில் சடாரென்று உள்ளே பாய்ந்து பாய் வரைக்கும் போனது. பாயில் இராக்கம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் படுத்திருந்தன. வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவள் கண் கூசவில்லை.

"யாரு அது?" என்றாள். "இன்னும் விடியலயா?"

 தம்பையா வாசலிலேயே நின்றான்.

அப்போது பக்கத்துக் காம்பராவிலிருந்து ஓர் ஆண் குரல், தூக்கக் கலக்கத்தில் கேட்கிற மாதிரி, அதே கேள்வியைக் கேட்டது. அதற்கு அடுத்த காம்பராவில் ஒரு பிள்ளை கேட்டது.